ஒச்சு என்றால் என்ன என்று கேட்டவள்

அந்த விளையாட்டரங்கத்தின் கிழக்குப் பக்கப் படிகளில், கீழிருந்து நான்காவது வரிசையில் நாங்கள் நான்கு பேர் பல வருடங்களாக உட்கார்ந்து வந்தோம். ஒருவர் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். இன்னொருவர் கல்லூரி நூலகர். மூன்றாமவர் மருந்துக்கடைக்காரர். நான்காவது ஆள் நான். கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில், கட்டடத்தின் லிஃப்டும் ஏசியும் தண்ணீரும் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்க்கும் வேலை எனக்கு. காலை ஆறரைக்குப் போனால் மூன்று மணிக்கு விட்டுவிடுவார்கள். பஸ் பிடித்து நகரத்துக்குள் வந்து இறங்கினால் நாலரைக்கு அரங்கத்தில் இருப்பேன்.

நாங்கள் பார்க்கப் போனது பெண்கள் கூடைப்பந்து. ஓர் அரசு நிறுவனத்தின் அணி. ஆட்டம் இருக்கும் நாட்களில் மட்டுமல்ல, பயிற்சி நாட்களிலும் போவோம். நால்வரில் ஒருவருக்கும் பந்தை ஒழுங்காகத் தட்டிக்கொண்டு பத்தடி ஓடத் தெரியாது. ஆனால் யார் எந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும், யார் பந்தைக் கொஞ்சம் முன்னால் விட்டிருக்க வேண்டும் என்பதெல்லாம் எங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைப் பேசுவதற்காகவே ஒரு வாட்ஸப் குழுவும் வைத்திருந்தோம்.

எங்கள் அணியில் ஏழு வருடம் கார்டாக நின்று பந்தை நடத்திச் சென்ற பெண்ணுக்கு முழங்கால் போய்விட்டது. அவள் ஆட்டத்தை விட்ட அன்று கண்டக்டர் சேட்டன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி சொன்னார். அவளுடைய இடத்துக்கு, பத்து மாத ஒப்பந்தத்தில், ஜூன் மாத மழையோடு புதிய பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். தூத்துக்குடிப் பக்கம். இருபத்திரண்டு வயது இருக்கும். ஒல்லி, நீளமான கைகள், இறுக்கிக் கட்டிய ஒற்றைப் பின்னல்.

"பாண்டியாணோ?" என்று கேட்டார் கண்டக்டர் சேட்டன். தமிழர்களை இங்கே மலையாளிகள் கேலியாகச் சொல்லும் சொல் அது. கேட்டுவிட்டு உடனே என் தொடையில் தட்டினார். "உன்னைச் சொல்லலை கேட்டோ. நீ நம்முடெ ஆளல்லே." நீ எங்கள் ஆள்தானே என்று அர்த்தம்.

நான் சிரித்தேன். ஒன்பது வயதில் வள்ளியூரிலிருந்து அப்பாவோடு இந்த ஊருக்கு வந்தவன் நான். அந்தச் சொல்லுக்குச் சிரிக்கப் பழகி வெகுகாலம் ஆகிவிட்டது. என் மலையாளத்தில் தமிழின் சாடை துளிகூடத் தெரியாது என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

புதிய பெண்ணின் கை நல்ல கை. தூரத்திலிருந்து அவள் விட்ட பந்து கூடையின் வளையத்தைத் தொடாமலே உள்ளே போகும். ஆனால் அணியோடு சேர்ந்து ஆடும்போது எங்கோ பிசகியது. கோச் ஓரத்தில் நின்று கத்துவார். மற்ற நான்கு பேரும் சட்டென்று இடம் மாறியிருப்பார்கள். இவள் மட்டும் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் நகர்வாள். அந்த ஒரு கணத்தில் பந்து எதிராளியின் கைக்குப் போய்விடும். சிலநேரம் மற்றவர்கள் முன்னால் ஓடும்போது இவள் வெளியே விலகி ஓடுவாள்.

"தலைக்குள்ளே என்னவோ தடை" என்றார் நூலகர்.

"பழைய பெண்ணாக இருந்தால் கோச் வாயைத் திறக்கும் முன்னே போய் நின்றிருப்பாள்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"இவளுக்கு இந்த டீம் ஒத்துப்போகாது" என்று இரண்டாவது வாரமே தீர்ப்பு எழுதினார் கண்டக்டர் சேட்டன்.

எனக்கு மூன்றாவது நாளே காரணம் தெரிந்துவிட்டது. அதைத்தான் இங்கே முதலில் சொல்லிவிட வேண்டும்.

கோச் ஆங்கிலச் சொற்களும் மலையாளமும் கலந்து கத்துவார். அவசரம் வந்துவிட்டால் முழுக்க மலையாளம்தான். "நீங்ஙு, நீங்ஙு!" என்பார். மலையாளத்தில் அதற்கு முன்னால் நகர்ந்து போ என்று பொருள். பஸ்ஸில் கண்டக்டர்கள் நாள் முழுக்கச் சொல்லும் வார்த்தை. தமிழ்க் காதுக்கு அது 'நீங்கு'. விலகிப் போ என்று கேட்கும். "திரி!" என்பார். திரும்பு என்று அர்த்தம். தமிழில் திரி என்றால் சுற்றி அலைவது. அந்தப் பெண் ஒவ்வொரு சொல்லையும் காதில் வாங்கி, அது தமிழ் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பிறகு நகர்ந்தாள். அதற்கு ஆகும் நேரம்தான் அது.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான்காம் வகுப்பில் டிரில் சார் வரிசையைப் பார்த்து "நீங்ஙு" என்று சொன்னபோது, நான் வரிசையிலிருந்து நீங்கி, மைதானத்தைக் கடந்து, போய் மாமரத்தடியில் நின்றுகொண்டேன். ஏதோ தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். வகுப்பே சிரித்தது. பிறகு ஒரு வருடம் யார் என்ன சொன்னாலும், மற்ற பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் செய்வேன்.

இதை நான் படியில் உட்கார்ந்து ஒருமுறை சொல்லியிருந்தால் போதும். "அவளுக்கு ஆட்டம் தெரியாமல் இல்லை, வார்த்தைதான் தெரியவில்லை" என்று ஒரு வாக்கியம். கீழே இறங்கிப் போய் கோச்சிடம் சொல்லியிருக்கலாம். அவளிடமே பத்து வார்த்தைகளை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கலாம். நான் செய்யவில்லை. சொன்னால் "அதானே, உன் ஊர்க்காரியல்லவா" என்று ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டாம். அதனால் நால்வரிலும் அதிகக் கண்டிப்பானவனாக நானே ஆனேன். மற்றவர்கள் "கொஞ்சம் நேரம் கொடுக்கலாம்" என்று சொன்ன நாட்களில்கூட, நான் அவள் விட்ட தவறுகளைக் குழுவில் ஒவ்வொன்றாக எழுதினேன்.

ஜூலையில் ஒரு நாள் மழை விட்டிருந்தது. அரங்கத்தின் வெளிச்சுவரிலும் படிகளின் ஓரத்திலும் அந்தப் பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் ஏறிக்கொண்டிருந்தன. மழைக்காலத்தில் இந்த ஊர் முழுக்க அதுதான் தொல்லை. காவலாளி உப்பு டப்பாவோடு நடந்துகொண்டிருந்தார். கீழே பயிற்சி. கோச் கத்த, அவள் நின்று, பிறகு நகர்ந்தாள். பந்து போனது. நான் படியில் ஊர்ந்த நத்தையைக் காட்டி, "இதோ, நம்ம புது கார்டு" என்றேன். பிறகு மலையாளத்தில் அதன் பெயரைச் சொன்னேன். "ஒச்சு."

நூலகர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார். அன்று மாலையே மருந்துக்கடைக்காரர் ஒரு நத்தைப் படத்தின் ஓட்டில் அவளுடைய ஜெர்ஸி எண்ணை எழுதிக் குழுவில் போட்டார். அது எங்கள் குழுவிலேயே நிற்கவில்லை. எங்களுக்குப் பின்னால் மேல்வரிசையில் கல்லூரிப் பையன்கள் கூட்டம் ஒன்று உட்காரும். அவர்களுக்கும் போனது. ஆகஸ்டில் லீக் ஆட்டங்கள் தொடங்கியபோது, அவள் கைக்குப் பந்து வந்தாலே மேலிருந்து "ஒச்சே! ஒச்சே!" என்று குரல் எழும்பியது. தாளம் போட்டுக் கத்துவதற்குத் தோதான பெயர்.

எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது என்பதை மறைத்துப் பயனில்லை. நான் சொன்ன ஒரு சொல்லை அத்தனை பேர் கத்தினார்கள்.

அரங்கத்தின் வாசலுக்கு எதிரே தென்காசிக்காரி ஒரு அக்காவின் டீக்கடை இருக்கிறது. ஆட்டம் முடிந்து நான் அங்கே பால் விடாத கட்டன் சாயா ஒன்று குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். இரண்டாவது ஆட்டத்துக்கு மறுநாள் பயிற்சிக்கு முன்னால் போனபோது, அந்தப் பெண் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து அக்காவோடு தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். அவ்வளவு வேகமாக, அவ்வளவு கலகலப்பாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. களத்தில் அவள் வாயைத் திறக்க மாட்டாள்.

அக்கா என்னைக் கண்டதும், "இந்தா, சார்ட்ட கேளு. சாரும் நம்ம ஆளுதான். தினமும் மேட்ச் பாக்க வருவாரு" என்றாள்.

அவள் சட்டென்று எழுந்து நின்றாள். "தமிழாண்ணே நீங்க? தெரியாமப் போச்சே!" முகம் அப்படி மலர்ந்தது. "ஒண்ணு கேக்கணும்ணே. நான் பந்து எடுத்தாப் போதும், மேல இருந்து ஒச்சே ஒச்சேன்னு கத்துதாங்கள்லா. ஒச்சுன்னா என்னண்ணே? ரூம்ல கேட்டா பிள்ளைகள் சிரிக்காளுக, சொல்ல மாட்டேங்காளுக."

மலையாளத்தில் ஒச்சு என்றால் நத்தை. ஒச்ச என்றால் சத்தம். இரண்டையும் கூப்பிட்டுக் கத்தினால் ஒரே மாதிரிதான் கேட்கும். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் நான் யோசிக்கவே இல்லை, நாக்கு தானாகச் சொல்லிவிட்டது.

"ஒச்சன்னா இங்கே சத்தம்மா. நீ பந்தெடுத்தா கேலரியில சத்தம் வருதில்லே, அதான். பிரியமாட்டுக் கூப்பிடுறது."

"அப்படியா!" என்று அவள் அக்காவைப் பார்த்தாள். "பாத்தியளா, நான் என்னமோ ஏதோன்னு நெனச்சேன்." பிறகு என்னிடம், கொஞ்சம் கூச்சத்தோடு, "இங்க யாருக்கும் என்னைப் பிடிக்கலியோன்னு இருந்துச்சுண்ணே. ராத்திரி அம்மாட்டச் சொல்லணும்" என்றாள்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவளுக்கு அந்த வார்த்தை தெரியும். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நானும் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அடுத்த ஆட்டத்தில் மேலிருந்து "ஒச்சே!" என்று எழும்பியதும், அவள் திரும்பி எங்கள் பக்கம் பார்த்துக் கையை உயர்த்தினாள். சிரித்தாள். பையன்களுக்கு முதலில் புரியவில்லை. பிறகு விழுந்து விழுந்து சிரித்து இரண்டு மடங்காகக் கத்தினார்கள். அவள் மறுபடியும் கை உயர்த்தினாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அன்று அவள் நன்றாக ஆடினாள். தன்னை எல்லோரும் விரும்புகிறார்கள் என்ற நினைப்பில் ஆடினாள்.

"கொள்ளாம், பயங்கர ஸ்பிரிட்" என்று மெச்சினார் கண்டக்டர் சேட்டன். அவள் கேலியைக் கேலியாகவே எடுத்துக்கொண்டு பதில் கொடுக்கிறாள் என்று அவர் நினைத்துவிட்டார்.

செப்டம்பரில் முக்கியமான ஆட்டம் ஒன்று வந்தது. அதில் ஜெயித்தால்தான் அடுத்த சுற்று. அரங்கம் நிறைந்திருந்தது. ஆட்டம் தொடங்கும் முன் அணிப் பெண்கள் எங்கள் பக்கத்துக் கூடையில் பந்து போட்டுப் பழகிக்கொண்டிருந்தார்கள். அவள் இடது மணிக்கட்டில் வெள்ளை டேப் சுற்றியிருந்தாள். அதில் நீலப் பேனாவால் ஏதோ எழுதியிருந்தது. அவள் படிகளுக்கு அருகே உருண்டு வந்த பந்தை எடுக்கக் குனிந்தபோது தெரிந்தது. தமிழ் எழுத்து. 'ஒச்சு' என்று எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தாள்.

அந்தப் படிகளில் உட்கார்ந்திருந்தவர்களில் அதை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

கடைசிக் கால்பாகத்தில் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். கோச் ஓரத்திலிருந்து தொண்டை கிழியக் கத்தினார். நான்கு பேர் உள்ளே பாய்ந்தார்கள். இவள் வெளியே விலகினாள். அவளுக்கென்று எறிந்த பந்து ஆளில்லாத இடத்தில் விழுந்து கோட்டைத் தாண்டி உருண்டது. அரங்கம் முழுக்க "ஒச்சே!" என்று முழங்கியது. தவறு செய்துவிட்டோம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தேற்றுகிறார்கள் என்று நினைத்தாள் போல. நெஞ்சில் கை வைத்து, பிறகு டேப் சுற்றிய கையை எங்களை நோக்கித் தூக்கிக் காட்டினாள். யாரோ ஒருவர் "வெட்கமில்லையா" என்று எழுந்து கத்தினார். கோச் உடனே அவளை வெளியே அழைத்து பெஞ்சில் உட்கார வைத்தார்.

பக்கத்தில் இருந்த பெண் அவளிடம் கோபமாக ஏதோ கேட்டாள். இவள் மணிக்கட்டைக் காட்டி ஏதோ சொன்னாள். அந்தப் பெண்ணின் முகம் மாறியது. அவள் இவளுடைய காதருகே குனிந்து மெதுவாகப் பேசினாள். பேசியது புரியவில்லை போலிருக்கிறது. பிறகு தன் இரண்டு விரல்களைக் கொம்பு போல் நீட்டி, இவளுடைய முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மெல்ல மெல்ல ஊர்ந்து காட்டினாள்.

புதிய பெண் அந்த விரல்களைப் பார்த்தாள். நிமிர்ந்து படிகளைப் பார்த்தாள். நான் கீழே குனிந்து என் செருப்பைச் சரி செய்தேன். மறுபடி நிமிர்ந்தபோது அவள் டேப்பைக் கிழித்துக்கொண்டிருந்தாள். அது ஒட்டிக்கொண்டு வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள்.

தோற்றுவிட்டோம். வெளியே வரும்போது கண்டக்டர் சேட்டன், "அவள் ஏன் இப்படி? தோற்கும்போது யாராவது கை தூக்கிக் காட்டுவார்களா?" என்று கேட்டார்.

"அவளுக்கு அந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது" என்றேன்.

"நீ தமிழல்லவா, சொல்லிக் கொடுக்கவில்லையா?"

"கேட்டாள். சத்தம் என்று சொன்னேன்."

அவர் நடப்பதை நிறுத்தினார். பிறகு, "அது மோசமாய்ப் போயி" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்பை நோக்கிப் போனார்.

மறுநாள் பயிற்சி தொடங்கும் முன் அவர் கீழே இறங்கிக் களத்துக்குப் போனதை மேலிருந்து பார்த்தேன். அவளைப் பாண்டி என்று சொன்ன அதே மனிதர். செருப்பைக் கழற்றி ஓரத்தில் வைத்துவிட்டு அவள் முன்னால் நின்றார். கையைக் கையை ஆட்டி ஏதோ தமிழில் சொல்ல முயன்றார். அவள் தலை குனிந்து கேட்டாள். கடைசியில் அவர் இரண்டு கைகளையும் கூப்பினார். அவள் பதறி அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

அதன் பிறகு அவர் தினமும் நாலு மணிக்கே வந்துவிடுவார். பெஞ்சில் உட்கார்ந்து அவளுக்கு வார்த்தை சொல்லிக் கொடுப்பார். முப்பது வருடம் பஸ்ஸில் கத்திய மலையாளம் அது. "நீங்ஙு" என்று அவர் கத்த, அவள் முன்னால் ஓடுவாள். "திரி" என்று கத்த, திரும்புவாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள். பையன்களிடமும் அவரே போய்ப் பேசியிருக்கிறார். அந்தப் பெயர் கேலரியிலிருந்து போய்விட்டது. குழுவில் இருந்த நத்தைப் படத்தை மருந்துக்கடைக்காரர் அழித்தார்.

நான் இரண்டு வாரம் டீக்கடைப் பக்கம் போகவில்லை. போன அன்று அவள் அங்கே இருந்தாள். எழுந்து நிற்கவில்லை, ஆனால் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"நத்தைன்னே சொல்லியிருக்கலாம்லாண்ணே" என்றாள். குரலில் கோபமில்லை. "நான் மெதுவாத்தான் ஆடுதேன்னு எனக்கே தெரியும். சிரிச்சிட்டுப் போயிருப்பேன்."

"உனக்கு விஷமம் ஆகக்கூடாதுன்னுதான்..." என்று இழுத்தேன். வருத்தம் என்று சொல்ல வந்து மலையாளத்தில் சொல்லிவிட்டேன். தமிழில் விஷமம் என்றால் வேறு. அவள் அதைக் கவனித்தாளா என்று தெரியவில்லை.

"யாருண்ணே மொதல்ல அப்படிக் கூப்பிட்டது?" என்று கேட்டாள்.

டீயை ஆற்றிக்கொண்டிருந்த அக்கா கையை நிறுத்தினாள்.

"தெரியலம்மா" என்றேன். "மேல காலேஜ் பயலுக இருக்கானுகள்லா. அவனுகளாத்தான் இருக்கும்."

அவள் என்னைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசுவதற்கு இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று காத்திருப்பது போல இருந்தது. பிறகு "சரிண்ணே" என்று எழுந்து தோளில் பையை மாட்டிக்கொண்டு போனாள்.

நவம்பரில் வேறொரு போட்டித் தொடர் தொடங்குவதற்குள் அவள் வேறு ஆளாகிவிட்டாள். கோச் சொல்வதற்கு முன்பே மற்றவர்களை இவள் நகர்த்தினாள். மலையாளத்தில்தான் கத்தினாள், அதுவும் பஸ் கண்டக்டரின் ராகத்தில். "இப்போ டீமோடு ஒத்துப்போயி" என்று எங்கள் நால்வரின் தீர்ப்பும் மாறியது. நூலகர் அவள் கொடுத்த பாஸ்களைப் பற்றிக் குழுவில் நீளமாக எழுதினார். நானும் கைதட்டும் படம் ஒன்றைப் போட்டேன். வழியில் பார்த்தால் நான் "என்னம்மா, நல்லாருக்கியா" என்று தமிழில்தான் கேட்பேன். அவள் "சுகம் சேட்டா" என்பாள். அண்ணே என்று அவள் என்னை அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. மலையாளம் பழகுகிறாள், அதனால்தான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

டிசம்பரில் ஒரு நாள், ஆட்டத்தின் இடைவேளையில் கடலை கொறித்துக்கொண்டே கண்டக்டர் சேட்டன் சொன்னார்: "அன்றைக்கு மன்னிப்புக் கேட்கப் போனேனே, அப்போதே அவளிடம் சொல்லிவிட்டேன். அந்தப் பெயரைக் கண்டுபிடித்தது உங்கள் ஆள்தான் என்று. தமிழன் வைத்த பெயர் என்றால் அவளுக்குக் கொஞ்சம் வலி குறையுமே என்று நினைத்தேன்."

கீழே விசில் ஊதி ஆட்டம் மறுபடி தொடங்கியது. எனக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. டீக்கடையில் அவள் கேட்டபோது அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டாள். நான் சொல்வதற்காக இடம் விட்டுக் காத்திருந்தாள். நான் அங்கே இல்லாத பையன்களைக் கை காட்டினேன்.

மார்ச்சில் ஒப்பந்தம் முடிந்தது. சென்னையில் ஓர் அணியில் அவளுக்கு நிரந்தர வேலை கிடைத்தது. ரயிலேற்றிவிட கண்டக்டர் சேட்டன் தம்பானூர் ஸ்டேஷனுக்குப் போனார், ஒரு பை நேந்திரங்காய் சிப்ஸோடு. என்னையும் அழைத்தார். ஆபீஸில் லிஃப்ட் பழுது என்று சொன்னேன். லிஃப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு மாதம் கழித்து அக்காவிடம் எண்ணை வாங்கி அவளுக்கு எழுதினேன். பல வருடங்களாகத் தமிழில் நான் அவ்வளவு நீளமாக எதுவும் எழுதியதில்லை. எழுத்துகள் விரலுக்கு வரவில்லை. மாமரத்தடியில் போய் நின்ற கதையைக்கூட எழுதினேன். பெயர் வைத்தது நான்தான், உனக்குத் தெரியும் என்று தெரியும், இருந்தாலும் நானே சொல்லியிருக்க வேண்டும், மன்னித்துவிடு என்று முடித்தேன். அனுப்புவதற்கு இரண்டு நாள் ஆனது.

மறுநாள் மதியம் பதில் வந்தது. ஒரே வரி, மலையாள எழுத்தில். "சாரமில்ல சேட்டா." பரவாயில்லை என்று அர்த்தம்.

எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அதற்குத் தமிழில் பதில் எழுதுவதா, மலையாளத்தில் எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை எழுதவில்லை.